பதினொரு பெண்களின் அளவு

ஆராய்ச்சிக் கூட்டத்தில் சுவர்த்திரையில் வரைபடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கத்தரி கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தன்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த மருத்துவமனையின் நான்காவது மாடியில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறாள். இதுவரை ஒரு கூட்டத்துக்கும் அழைப்பு வந்ததில்லை.

கத்தரி என்பது அவளுடைய பெயரில்லை. பதினெட்டு வருடம் பெண்கள் உள்ளாடை செய்யும் தொழிற்சாலையில் மாதிரித் துணி வெட்டியவள். துணியையும் எதிரில் இருப்பவர் பேச்சையும் ஒரே வீச்சில் வெட்டுகிறாள் என்று அங்கே யாரோ வைத்த பட்டம் அது. தொழிற்சாலையை மூடிய பிறகு பட்டம் மட்டும் அவளோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டது. பெரிய டாக்டர்கூட ‘கத்தரியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே செய்துகொண்டிருந்தது ஒரு பனியன். காகிதங்களில் அதற்கு மூன்று வரி நீளத்துக்குப் பெயர் இருந்தது. மாடி பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அது பனியன்தான். மெல்லிய பின்னல் துணியில் வெள்ளி பூசிய நூலை ஓடவிட்டு, நெஞ்சைத் தொடும் இடங்களில் நான்கு மெத்தென்ற வில்லைகள் வைத்திருந்தார்கள். நூல்கள் எல்லாம் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றில் போய்ச் சேரும். வில்லைகள் உணரும் மூச்சை டப்பா கோடாக மருத்துவமனைக்கு அனுப்பும். இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேரும். மூச்சு வாங்குகிறது என்று அவர்களுக்கே தெரிவதற்குச் சில நாள் முன்னாலேயே மூச்சின் வேகம் மாறத் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தைப் பனியன் முன்கூட்டியே பிடித்துச் சொல்லுமா என்பதுதான் ஆய்வு. நாற்பது நோயாளிகள் ஆறு வாரமாக அதை வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது ஆண்கள், பதினொரு பெண்கள்.

ஆண்களின் வரைபடங்கள் அச்சடித்த மாதிரி சுத்தமாக இருந்தன. பெண்களுடையவை கோழி கிளறிய மண் மாதிரி இருந்தன. இரண்டு மணி நேரம் கோடு வரும், பிறகு அறுந்துபோகும், மறுபடி கிறுக்கலாக வரும்.

பெரிய டாக்டர் விளக்கைப் போட்டார். கத்திப் பேசுகிற மனிதர் அல்ல அவர். முடிவை எடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பெண்கள் பதினொரு பேரையும் இந்த ஆய்விலிருந்து எடுத்துடலாம்னு நினைக்கிறேன். அவங்க ஒழுங்கா போட்டுக்கறதில்ல. முப்பத்திநாலாம் நம்பர் ஒருத்தங்கதான் விதிவிலக்கு. மூணு வாரமா அவங்க வரைபடம் ஆம்பளைங்களோடதைவிட நல்லா இருக்கு. ஆனா ஒருத்தரை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது. கத்தரியம்மா, இனிமே பெண்கள் அளவுல தைக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

முப்பத்திநாலு, கத்தரியின் அக்கா. எண் சீட்டைப் பனியனில் வைத்துத் தைத்ததே கத்தரிதான். இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, ஓய்வு பெற்ற மறுவருடமே இதயம் சோர்ந்துபோனவள் அக்கா. பிறந்ததிலிருந்து யார் சொன்னதையும் கேட்டு நடந்தவளில்லை. அவள் மட்டும் சொன்னபடி கேட்கிறாள் என்றதும் கத்தரிக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே மனதில் ஏதோ இடறியது.

அதை ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று யாராவது கேட்டார்களா என்று கேட்டாள். வாரா வாரம் வீட்டுக்குப் போகும் நர்ஸ் கேட்கிறார், மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார் டாக்டர்.

"பத்துப் பேருமா சார் மறப்பாங்க?" என்றாள் கத்தரி.

கூட்டம் கலைந்தது.

ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பனியன்கள். வாரத்துக்கு ஒன்று கத்தரியின் மேசைக்கு வரும். தையல் விட்டிருக்கிறதா, நூல் அறுந்திருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். அன்று பிற்பகல் வந்த மூட்டையில் முப்பத்திநாலும் இருந்தது. அதை மேசையில் விரித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

துணி பொய் சொல்லாது என்று தொழிற்சாலையில் அவள் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. அக்காவின் உடம்பு அவளுக்கு மனப்பாடம். இந்தப் பனியன் மார்பில் கொஞ்சமும் இழுபடவில்லை. கை வளைவு இரண்டும் அகன்றிருந்தன. வயிற்றுப் பகுதி நன்றாகத் தொய்ந்து, பானையின் மேல் போர்த்தி வைத்த துணி போல இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வில்லையில் நரைத்த சுருட்டை முடிகள் இரண்டு ஒட்டியிருந்தன.

வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இரண்டு அறை. அத்தான்தான் கதவைத் திறந்தார். கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கை நடுக்கம் வந்த பிறகு விட்டுவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். கத்தரி அவர் சட்டையையே பார்த்தாள். இடப்பக்கம் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது.

"சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க அத்தான்."

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் முன்படியிலிருந்து பின்படி வரை கேட்ட குரல், இப்போது பாதிதான் இருந்தது. "தூக்கிக் காட்டுங்க. அவ கண்டுபிடிச்சுட்டா. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

மூன்று வாரமாக அத்தான்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். நர்ஸ் மூன்று முறை வந்து, உங்கள் கோடு சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாளாம். தங்கை சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட இடம். தங்கைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று இந்த வேலை செய்தாளாம்.

கத்தரிக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு மூச்சு முட்டினா அந்த டப்பா என்ன சொல்லும் தெரியுமா? அத்தான் நல்லா இருக்கார்னு சொல்லும். நீ இங்க கிடக்கும்போது அங்க நாங்க அத்தான் நெஞ்சைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுட்டு இருப்போம்."

அக்கா இதற்குச் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. கை முதுகுக்கும் போகவில்லை.

"கொக்கியை முதுகுல வெச்சிருக்கீங்க. தினம் இவர்தான் மாட்டணும். இவர் கையோ தந்தி அடிக்குது. ஒரு கொக்கி மாட்டறதுக்குள்ள காபி ஆறிப்போகுது. உட்கார்ந்தா நெஞ்சுப் பட்டை மேல ஏறி கழுத்துக்கு வந்துடுது. படுத்தா டப்பா மார்ல குத்துது."

"இதை முன்னாலயே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ தைச்சது நல்லா இல்லன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது சின்னவளே?"

பிறகு அக்கா இன்னொன்றும் சொன்னாள். யாரோ எப்போதும் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது போல இருக்கிறதாம். "பஸ்ல கூட நிறுத்தச் சொல்லி இழுக்க ஒரு கயிறு இருக்கும். இதுல அதுகூட இல்ல."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கத்தரி யோசித்துக்கொண்டே நடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண்களாலும் இதைப் போட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு முப்பத்திநாலாம் நம்பர் சாட்சியாக இருக்கும். சொல்லிவிட்டால் அந்த ஒன்றும் போய்விடும். அக்காவின் மானமும் தன் மானமும் சேர்ந்து போகும். ஆனால் அத்தானின் மூச்சை அக்காவின் பெயரில் எழுதி வைத்து, அதை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர் யாரோ ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆவது?

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்து வெள்ளைக் கோட்டு மாட்டுவதற்குள் அவர் அறை வாசலில் நின்றாள். பனியனை மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். அறையில் பனியனின் டப்பாவையும் கோடுகளையும் பார்த்துக்கொள்ளும் என்ஜினியரும் இருந்தாள். முப்பது வயதுக்காரி, கணினியை விட்டுத் தலை தூக்கினால் அன்று மழை வரும் என்று அந்த மாடியில் கேலி செய்வார்கள். அவள் தலை தூக்கிப் பார்த்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒருத்தர்கூட இல்ல. என் முடிவு இன்னும் சுலபமாயிடுச்சு."

"சுலபம்தான் சார். ஆனா தப்பு," என்றாள் கத்தரி. "இந்தப் பனியன் ஆம்பளை பொம்மை மேல வெச்சு வெட்டினது. மார்பு இருக்கற இடத்துல பட்டை நிக்காதுன்னு முதல் துணி வெட்டும்போதே எனக்குத் தெரியும். ஒரு தடவை சொன்னேன். பின்னல் துணி இழுத்துக் கொடுக்கும்னு சொன்னாங்க. நானும் வாயை மூடிக்கிட்டு தைச்சுக் கொடுத்தேன். அது என் தப்பு. அதைச் சரி பண்ண விடுங்க."

டாக்டர் நியாயமாகத்தான் பேசினார். அறிக்கை கொடுக்க மூன்று மாதம்தான் இருக்கிறது. பாதி வழியில் உடுப்பை மாற்றினால் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். புது உடுப்பில் வரும் கணக்கைப் பழைய கணக்கோடு சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டு, அடுத்த ஆய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"நேத்து நம்ம வார்டுல போய் எண்ணிப் பார்த்தேன் சார். இருபத்திரண்டு கட்டில்ல ஒன்பதுல பொம்பளைங்க படுத்திருக்காங்க. அவங்ககிட்டயும் அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சொல்லிடலாமா?"

அப்போது என்ஜினியர் வாயைத் திறந்தாள். இரவெல்லாம் மனதை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைச் சொல்வது போல, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "கழட்டி வெச்சிருந்தா கோடு தட்டையா வரும் சார். இதுல பாதி இடத்துல தட்டையா இல்ல. தொட்டுத் தொட்டு விடுது. போட்டுக்கிட்டுதான் இருந்திருக்காங்க. நாமதான் அதைப் போட்டுக்கலன்னு கணக்கு எழுதிட்டோம்."

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். இருபது நிமிடம் இருவரும் கோடுகளைப் பார்த்தார்கள். கத்தரி நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் டாக்டர், குழுவுக்குத் தானே எழுதுவதாகவும், அனுமதி வர எப்படியும் பதினைந்து நாள் ஆகும் என்றும், அதற்குள் புதுப் பனியன் தயாராக இருந்தால் பெண்களைத் தனிப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இல்லையென்றால் இல்லை.

கத்தரி நர்ஸோடு கிளம்பினாள். ஐந்து நாளில் பதினொரு வீடு.

'மறந்துவிட்டேன்' என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் பத்து விதமான சங்கதி இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், பனியன் பழுப்பேறியதாகத் தோன்றி, வெளுப்புத் தூள் போட்டு ஊறவைத்துவிட்டார். வெள்ளிப் பூச்சு தண்ணீரோடு போய்விட்டது. இஸ்திரிக் கடைக்காரி நாள் முழுக்க மேசையில் சாய்ந்து நிற்கிறவள். டப்பா ஒவ்வொரு முறையும் விலாவில் இடித்து அங்கே கன்றிப்போயிருந்தது. இன்னொருத்தி, உறுத்துகிறது என்று தன் பாடிக்கு மேலே பனியனைப் போட்டுக்கொண்டு, தான் எல்லாம் ஒழுங்காகச் செய்வதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். வில்லை தோலைத் தொட்டதே இல்லை.

கத்தரியை உலுக்கியது தனியாக இருக்கும் ஒரு அம்மாள். கணவர் இல்லை, மகள் வெளியூரில். முதுகில் கொக்கி மாட்ட ஆளில்லை. நர்ஸ் வரும் நாளில் அவள் மாட்டிவிட்டுப் போனால், குளிக்காமல் கொள்ளாமல் மூன்று நாள் அப்படியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கழற்றினால் மறுபடி போட முடியாதே என்ற பயம். நான்காம் நாள் அரிப்பு தாங்காமல் கழற்றியிருக்கிறார். பட்டை பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்ததைக் காட்டிவிட்டு, "உங்களுக்கெல்லாம் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பெண், பனியனை மடித்து அலமாரியில் வைத்திருந்ததைக் காட்டி, தன் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியவே வேண்டாம் என்றாள். கத்தரி வற்புறுத்தவில்லை. அதுவும் ஒரு பதில்தான் என்று பட்டது. மீதி பத்துப் பேர் அளவு கொடுத்தார்கள்.

அளவை அவள் நிற்கவைத்து மட்டும் எடுக்கவில்லை. உட்காரவைத்து, குனியவைத்து, மல்லாந்தும் ஒருக்களித்தும் படுக்கவைத்து எடுத்தாள். படுக்கும்போது மார்பு பக்கவாட்டில் எவ்வளவு சரிகிறது, அடியில் எங்கே மடிப்பு விழுகிறது, வியர்வை எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொண்டாள். இதெல்லாம் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பார்த்த வேலை. அங்கே அதை அழகுக்காகச் செய்தார்கள். இங்கே அதே கணக்கு மூச்சுக்காக.

புதுப் பனியனை முன்பக்கம் திறக்கும்படி வெட்டினாள். கொக்கிக்குப் பதிலாக ஜிப். அதன் நுனியில் வீங்கிய விரல்கூட நுழையும் பெரிய வளையம். மார்புக்கு டக் மடிப்பு பிடித்து இடம் விட்டு, அதற்குக் கீழே நாலு விரல் அகலத்தில் மெத்தென்ற பட்டை வைத்தாள். வில்லைகள் இரண்டு அந்தப் பட்டையில் விலா எலும்பின் மேல் உட்கார்ந்தன. மற்ற இரண்டும் தோளுக்குக் கீழே. டப்பாவை இடுப்புக்கு மேல், சுருக்குப் பை செருகும் இடத்துக்கு இறக்கினாள். யார் பார்த்தாலும் பையில் ஏதோ சில்லறை சாமான் இருப்பதாகத்தான் தெரியும்.

முதல் பனியனை என்ஜினியர் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், குனிந்தாள், தரையில் உருண்டாள். கோடு அறுபடவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு துவைத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது துவைப்பில் கோடு செத்துப்போயிற்று.

தையலைப் பிரித்துப் பார்த்தபோது, பட்டைக்கு அடியில் வெள்ளி நூல் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. நேர்த்தையல். துணி இழுபடும்போது நூலுக்கு இழுபட இடமில்லை. ஆண்களின் பனியன் அவ்வளவாக இழுபடுவதில்லை, அதனால் அங்கே தாங்கியது. ஏழு நாள் கழிந்துவிட்டது. என்ஜினியர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். புது நூல் தருவிக்க ஒரு மாதம் ஆகும் என்றாள்.

கத்தரி அறுந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளாடைக்கு எலாஸ்டிக் வைக்கும்போது யாரும் நேர்த்தையல் போடுவதில்லை. ஜிக்ஜாக் போட்டால் துணி நீளும்போது நூல் மடிப்பு விரியும், அறுபடாது. அதைச் சொன்னாள். அப்படிப் போட்டால் நூல் இரண்டு மடங்கு நீளமாகும், மின்சாரம் பலவீனமாகப் போகும் என்றாள் என்ஜினியர்.

"எவ்வளவு பலவீனமாகும்னு அளந்து பாரு. நான் தைக்கிறேன்."

மூன்று அகலத்தில் தைத்துப் பார்த்தார்கள். மிகக் குறுகலானது அறுந்தது. மிக அகலமானதில் சமிக்ஞை தேய்ந்தது. நடுவில் இருந்தது இருபது துவைப்பைத் தாங்கியது. இருபத்தோராவது துவைப்புக்கு இயந்திரத்தைப் போட்டபோது கத்தரி அடுத்த பனியனை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பொத்தான் விஷயத்தில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. போட்டிருக்கிறவள் நினைத்தால் அரை மணி நேரம் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றாள் கத்தரி. ஏற்கெனவே இடைவெளிகளால்தான் இவ்வளவு பாடு, அதில் நாமே இடைவெளிக்குக் கதவு திறந்துவிடுவதா என்றாள் என்ஜினியர். இரண்டு நாள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கத்தரி அவளை அக்கா வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு, தான் சைக்கிள் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. திரும்பும்போது என்ஜினியர், அரை மணி முடிந்ததும் டப்பா தானாகவே மறுபடி ஓட ஆரம்பிக்கும்படி செய்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

அனுமதிக் கடிதம் பதினான்காம் நாள் வந்தது. அன்று மாலை பத்தாவது பனியனின் கடைசித் தையல் முடிந்தது.

அக்கா முதலில் போட்டுப் பார்த்தாள். அத்தானை வெளியே போகச் சொல்லிவிட்டு, கண்ணாடி முன் நின்று, வளையத்தில் விரலை நுழைத்து, ஒரே இழுப்பில் ஜிப்பை மேலே ஏற்றினாள். திரும்பிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், கட்டிலில் படுத்து எழுந்தாள்.

"கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வெட்டியிருக்கலாம். எனக்கு இதயம்தான் பலவீனம், ரசனை இல்ல."

கத்தரி சிரிக்கவில்லை. அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை யாருக்கும் கொடுக்காதே. பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லு. நான் மறுபடி வெட்டறேன். எத்தனை தடவை வேணும்னாலும் வெட்டறேன்."

அக்கா அவள் தலையில் கையை வைத்தாள்.

முதல் வாரம் முடியும்வரை கோடுகள் எப்படி வருகின்றன என்று கத்தரியிடம் சொல்லக் கூடாது என்பது விதி. என்ஜினியரின் முகத்தைப் பார்த்தே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த முகமோ கணினிக்குப் பின்னால் இருந்தது. எட்டாம் நாள் பெரிய டாக்டர் அவள் மேசைக்கே வந்தார். பத்துப் பேரில் ஒன்பது பேருடைய கோடு ஆண்களுடையதற்கு இணையாக வருகிறது என்றார். பத்தாவது பெண் மூன்று நாளில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைச் சொல்லிவிட்டு, அவர் அங்கே கிடந்த, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் தாள் ஒன்றை எடுத்து, அதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். கத்தரி சொல்லிக்கொடுத்தாள். அவர் கவனமாகக் கேட்டார்.

நான்காவது வாரம், ஒரு மத்தியான நேரம், கத்தரியின் தொலைபேசி அடித்தது. அக்கா.

"சின்னவளே, உன் பனியன் என்னைப் பத்திக் கோள் சொல்லிடுச்சு."

மூன்று நாளாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் மூச்சின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. காலையில் நர்ஸ் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அக்கா வழக்கம்போல, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். வைத்த பிறகு அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"ரெண்டு ராத்திரியா நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கறேன். படுத்தா அடைக்குது. இவர்கிட்டகூட சொல்லல. டிவி பார்த்துட்டே தூங்கிட்டேன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பொய் சொல்றேன்னு அங்க ஒரு கோடு சொல்லிட்டு இருக்குன்னு தெரிஞ்ச பிறகு எப்படி மேல மேல பொய் சொல்றது? நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிட்டேன். வரச் சொல்லிட்டாங்க. நீ கூட வா."

கத்தரி கத்தரிக்கோலைக் கீழே வைத்த இடம் தெரியாமல் ஓடினாள். பெரிய டாக்டரே பரிசோதித்தார். நுரையீரலின் அடியில் நீர் சேர ஆரம்பித்திருந்தது. கால் வீக்கம் இன்னும் தொடங்கவில்லை. ஊசி போட்டு, நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டி, இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முந்தைய வருடம் இதே நிலைமைக்கு அக்கா பத்தொன்பது நாள் படுத்திருந்தாள். அதில் நான்கு நாள் மூக்கில் குழாயோடு. அந்த நாட்களில் அத்தான் வார்டு வாசல் பெஞ்சிலேயே கிடந்ததைக் கத்தரி பார்த்திருக்கிறாள். இந்த முறை அவர் துணிப்பையோடு வந்தார், பையைத் திறக்காமலே அக்காவைத் திரும்பக் கூட்டிப்போனார்.

அறிக்கையின் வரைவு தயாரானபோது டாக்டர் அவளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். இம்முறை காரணம் கேட்கத் தோன்றவில்லை. முதல் ஆறு வாரத்தைப் பற்றிய பக்கத்தில், பெண் பங்கேற்பாளர்கள் போதிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று ஒரு வரி இருந்தது. யாரோ முன்பே எழுதி வைத்தது அப்படியே நின்றுவிட்டிருந்தது. கத்தரி கையைத் தூக்கினாள்.

"அந்த வரி உண்மை இல்ல சார். அவங்க ஒத்துழைச்சாங்க. பனியன்தான் ஒத்துழைக்கல."

டாக்டர் அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். உடுப்பின் அமைப்பு பெண்களின் உடலுக்குப் பொருந்தாததால் முதல் பகுதித் தரவுகள் பயன்படவில்லை என்று மாற்றி எழுதி, எல்லோருக்கும் படித்துக் காட்டினார். முப்பத்திநாலாம் எண்ணின் மூன்று வாரக் கணக்கு வேறொருவருடையது, அது நீக்கப்பட்டது என்பதும் ஒளிக்காமல் அதில் இருந்தது. நிறுத்தும் பொத்தானைப் பெண்கள் சராசரியாக நாளுக்கு ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்று என்ஜினியர் ஒரு அட்டவணை போட்டிருந்தாள். ஒருத்தி மட்டும் நாளுக்கு நான்கு முறை அழுத்தியிருந்தாள். யார் என்று யாரும் கேட்கவில்லை. கத்தரியும் என்ஜினியரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அடுத்த கட்ட ஆய்வுக்கு நூற்றிருபது பேர், அதில் அறுபது பெண்கள் என்று முடிவாயிற்று. ஆட்களைச் சேர்க்கும்போதே அளவு எடுக்க வேண்டும் என்று கத்தரி கேட்டாள். நான்காவது மாடியின் கோடி அறையைத் திரை போட்டுக் கொடுத்தார்கள். கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். வங்கியில் காசாளர். உள்ளே வந்து வெகுநேரம் மேலாடைப் பொத்தானில் கை வைத்தபடியே நின்றாள். பிறகு, புற்றுநோயால் தன் இடது மார்பை எடுத்துவிட்டார்கள், அந்தச் சிகிச்சைக்குப் பிறகுதான் இதயம் பலவீனமானது, இந்தப் பனியன் தனக்குப் பொருந்தாது, வீணாக வந்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கத்தரி சுவரில் மாட்டியிருந்த பேட்டர்ன் தாள்களைப் பார்த்தாள். அவள் சொன்னது சரி. அவற்றில் ஒன்றும் பொருந்தாது. தழும்பின் மேல் பட்டை உட்காராது. ஒரு பக்கம் டக் பிடித்து மறுபக்கம் தட்டையாக விட்டால் துணி திருகிக்கொள்ளும்.

"வீணா வரல," என்றாள். "நாற்காலியில உட்காருங்க. தழும்பு எங்க வலிக்குது, எங்க தொட்டாலே தெரியலன்னு எனக்குச் சொல்லணும். அவசரமில்ல."

அந்தப் பெண் உட்கார்ந்து மேல் பொத்தானைக் கழற்றினாள். கத்தரி உருளையிலிருந்து புதுத் தாளை இழுத்து மேசையில் விரித்து, நடுவில் ஒரு கோடு போட்டாள்.